சுவரில் இருந்தவர்களுக்குச் சோறு

ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டு வரிசையில் எல்லார் வீட்டுச் சுவரிலும் செத்துப்போனவர்கள் இருந்தார்கள், காத்தாயி வீட்டுச் சுவரில் மட்டும் உரக்கடைக் காலண்டர் இருந்தது. மற்ற வீடுகளில் தாத்தாக்களும் அப்பத்தாக்களும் சந்தனப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் மாலை போட்டு, மினுக் மினுக்கென்று எரியும் சீரியல் பல்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்துக்கொண்டிருக்க, காத்தாயியின் மாமனாரும் மாமியாரும் கட்டினவனும் ஒரு போட்டோவுக்குக்கூட நிற்க நேரமில்லாமல் காட்டிலும் களத்திலும் வேலை பார்த்தே போய்ச் சேர்ந்துவிட்டதால், வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அந்தக் காலண்டரை மறைத்தாற்போல நின்றுகொண்டுதான் பேசுவாள்.

அதனால்தான், காரைக்குடியில் பழைய சாமான் கடையில் மரத்துக்குப் பாலிஷ் போடுகிற அவள் மகன் முத்துக்கருப்பன் ஆடி பிறந்த கையோடு ஒரு சாயங்காலம் கண்ணாடி விரிசல் விட்ட நாலு போட்டோக்களைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, "முதலாளி தூக்கிப் போடச் சொன்னாரு, சட்டம் தேக்கு, எப்புடி விட்டுட்டு வர்றது" என்று கூடத்தில் சாய்த்துவைத்தபோது, காத்தாயி சட்டத்தைப் பார்க்கவில்லை, உள்ளே இருந்தவர்களைப் பார்த்தாள்.

முதல் போட்டோவில் தரை கூட்டும் அங்கியும் கிரீடமும் நெஞ்சு வரை வெள்ளைத் தாடியுமாக ஒருவர் கோலை ஊன்றி நின்றார். அடுத்ததில் இடுப்பில் வாளும் உதட்டுக்கு மேல் மீசையுமாக ஒரு சிப்பாய். மூன்றாவதில் குல்லாயில் மணி கட்டின ஒரு கோமாளி. நாலாவதில் முதுகில் சிறகு வைத்த ஒரு சின்னப் பெண், பூங்கொத்தோடு ஒற்றைக் காலில். காத்தாயி கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு சந்தையில் கத்தரிக்காயைத் தரம் பிரிக்கிறவளைப்போலத் தயக்கமே இல்லாமல் முறை பிரித்தாள். தாடிக்காரர் மாமனாரைப் பெற்றவர், அந்தக் காலத்தில் ஊர் அம்பலமாகத் தீர்ப்புச் சொன்னவர், கிரீடம் இல்லாமல் இருக்குமா. சிப்பாய் பெரிய மாமனார். குல்லாய் போட்டவர் பர்மாவுக்குப் போய்த் திரும்பாத சின்ன மாமனார், அங்கே அப்படித்தான் உடுத்துவார்களாம். சிறகு வைத்தவள் கல்யாணம் ஆகாமலே போய்விட்ட நாத்தனார், கன்னித்தெய்வம், சிறகு முளைக்காமல் வேறு என்ன முளைக்கும்.

"வெள்ளைக்காரவுக மாதிரில்ல இருக்காக" என்றாள் பக்கத்து வீட்டு ஜெயந்தி.

"அந்தக் காலத்துப் போட்டோவுல எல்லாருமே வெள்ளையாத்தான் தெரிவாக."

"அந்தச் சிப்பாயி பொம்பளை பெரியம்மா. மீசைய மையில வரைஞ்சிருக்கு பாருங்க."

"எங்க வம்சத்துல பொம்பளைக்கும் மீசை உண்டு" என்று சொல்லிவிட்டு காத்தாயி மகனிடம் ஆணி கேட்டாள்.

அடுப்படி வாசலில் கைக்குழந்தை தன்ஷிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற மருமகள் பாண்டிச்செல்வி, நாலு ஆணி ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் காது சிவந்துபோகிறவள் அவள். அவளிடமும் ஒரு போட்டோ இருந்தது. அவளைப் பெற்ற வேலாயி, மகள் மாசமாக இருக்கும்போதே ஒரு கார்த்திகையில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள், பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. நூறு நாள் வேலை அட்டைக்காக வெயிலில் நிற்கவைத்து எடுத்த படம் ஒன்றுதான் மிச்சம். அதைப் பெரிசு பண்ணி, லேமினேஷன் போட்டு, பிள்ளைத் துணி வைக்கிற டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். அந்தக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆணி அடித்துக்கொள்ளட்டுமா என்று அவள் வாயைத் திறந்து கேட்டதற்கு, "பொண்ணு குடுத்த வீட்டுச் செத்தவுகளுக்கு இந்தச் செவத்துல எடம் கெடையாதுத்தா, ஒங்கண்ணன் வீட்டுல மாட்டச் சொல்லு" என்று காத்தாயி சொல்லிவிட்டாள். அண்ணனோ திருப்பூரில் ஆணி அடித்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் ஓனரிடம் ஒற்றை அறையில் குடியிருந்தான். இப்படியாக வேலாயிக்கு இந்த உலகத்தில் ஒரு சுவரும் இல்லாமல் இருந்தது.

ஆடி அமாவாசைக்கு நாலு இலை போட்டார்கள். சோறு, சாம்பார், முருங்கைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம் எல்லாம் வைத்து, கண்ணாடிமேல் பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டி, "வந்து சாப்புட்டுப் போங்க" என்று கூப்பிட்டுவிட்டு, எல்லார் வீட்டிலும் செய்வதுபோலக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார்கள். செத்தவர்கள் கூச்சப்படாமல் சாப்பிடட்டும் என்று சாத்துவது அது. வைத்தது வைத்தபடிதான் இருக்கும், அவர்கள் சாப்பிட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டு, உயிரோடு இருப்பவர்கள் அதைப் பிரித்துச் சாப்பிடுவார்கள், அதுதான் உலக வழக்கம். காத்தாயி கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். நாலு இலையும் வழித்தாற்போலக் கிடந்தன. முருங்கைச் சக்கை ஓரமாக ஒதுக்கியிருந்தது, கோமாளியின் இலையில் மட்டும் அதை ஏணி மாதிரி அடுக்கியிருந்தது. சுவரில் ராஜாவின் தாடியில் ஒரு சேமியா ஒட்டியிருந்தது.

"பாயாசத்துக்கு இனிப்பு பத்தலையோ என்னமோ, முகம் ஒரு மாதிரி இருக்கு" என்றாள் காத்தாயி.

பாண்டிச்செல்விக்குத் தோன்றியதெல்லாம், விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் ஆக்கினது அத்தனையும் போய்விட்டதே, இனி மறுபடியும் உலை வைக்க வேண்டுமே என்பதுதான். பிள்ளை பாலுக்கு அழுதது. அவள் உலை வைத்தாள்.

மறுநாள் இலை போடாததற்கு நாலு பேரும் திரும்பிக்கொண்டார்கள். போட்டோவில் நாலு முதுகு தெரிந்தது. முன்பக்கம் அத்தனை ஜோராக இருந்த ராஜ அங்கி பின்பக்கம் கிழிசலாக, குண்டூசியால் குத்திக் குத்திப் பிடித்திருந்தது. சிறகுப் பெண்ணின் சிறகை ஒரு நாடாவால் கட்டியிருந்தது. காத்தாயி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். இலை போட்டதும் திரும்பினார்கள். அன்றிலிருந்து பாண்டிச்செல்விக்கு விடிவு இல்லாமல் போனது.

காலையில் இட்லி வைத்தால் ராஜா முதுகைக் காட்டினார், தோசை ஊற்றினால் கோமாளி முதுகைக் காட்டினான், சாம்பார் வைத்தால் நாலும் முதுகு, ரசம் வைத்தால் நாலும் முதுகு, கறி வைத்தால் நாலு முகம், அதிலும் எலும்பு யார் இலையில் குறைகிறதோ அவர் முகம் கோணியிருக்கும், மீன் வைத்தால் சிறகுப் பெண் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு சாப்பிட்டிருப்பாள் போல, ஒற்றைக் காலுக்குத் திரும்பி வர மத்தியானம் ஆகும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கரண்டி, கொடியில் காயாத பிள்ளைத் துணி, அடுப்பில் கொதிக்கிற குழம்பு, முதுகுக்குப் பின்னால் நாலு வயிறு. மற்ற மருமகள்களுக்கு ஒரு மாமியார், எனக்கு மட்டும் மாமியாரின் மாமனாரைப் பெற்றவர்வரைக்கும் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று அவள் புகைந்தாள். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. தேங்காய் துருவும்போது மட்டும், "சாப்பிட்ட இலைய எடுத்துப் போடவாச்சும் எறங்கி வரலாம்ல" என்று சுவரைப் பார்த்து முணுமுணுப்பாள்.

வரிசைக்காரர்கள் ஒரு வாரத்துக்குள் பழகிவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தாத்தா படையல் போட்டால் ஒரு பருக்கையும் தொடுவதில்லை, சாப்பிடுகிற முன்னோர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள், பிளாட்டு வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் வந்து ஒரு கிண்ணம் குழம்பு வைத்துவிட்டு, முகம் காட்டினால் சரி, முதுகு காட்டினால் வேண்டாம் என்று முடிவு பண்ணிக்கொண்டு போனார்கள். கருவாட்டுக் குழம்பு வைத்தவர்களுக்கு எந்தக் காரியமும் தடைப்படவில்லை. மீசைக்காரச் சிப்பாய்க்குச் சிலர் சுருட்டு வைத்தார்கள். மறுநாள் அந்தப் போட்டோ முழுக்கப் புகைமூட்டமாக இருந்தது. தினம் இவ்வளவு அரிசி போகிறதே என்று முத்துக்கருப்பன் நாலு பேரையும் ரேஷன் கார்டில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தான், ஆதார் கொண்டா என்று சொல்லிவிட்டார்கள். வார்டு கவுன்சிலர் வந்து சால்வை சாத்திவிட்டு செல்பி எடுத்தார். படத்தில் கவுன்சிலர் கண்ணை மூடியிருக்க, பின்னால் ராஜா தாடியை நீவிவிட்டு, வெளிச்சம் எங்கே விழுமோ அங்கே முகத்தைத் திருப்பி, அத்தனை அம்சமாக நின்றார்.

வரிசையின் கடைசி வீட்டு ஆரோக்கிய மேரி டீச்சர் தன் மாறுதல் விஷயமாகப் பார்க்க வந்தவர், கேட்பதற்கு முன்னால் ராஜாவை ஆணியிலிருந்து கழற்றித் திருப்பி, அட்டையின் பின்னால் அச்சடித்திருந்ததைப் படித்தார்.

"காத்தாயம்மா, இவங்கள்லாம் நாடகக்காரங்க. சீமையில, மகாராணி ஆண்ட காலத்துல. வேசம் கட்டி ஸ்டுடியோவுல நின்னு எடுத்துக்குவாங்க, ஜனங்க வாங்கி வச்சுக்குவாங்களாம். இவரு ராஜா இல்ல, ராஜா வேசம்."

காத்தாயி போட்டோவுக்குக் கை நீட்டினாள். "நாடகக்காரவுகன்னா செத்துருக்க மாட்டாகளா?"

"செத்துதான் போயிருப்பாங்க. நூறு வருசத்துக்கு மேல ஆச்சே."

"அப்பறம் என்ன" என்று காத்தாயி போட்டோவை வாங்கி மறுபடியும் மாட்டினாள்.

பாண்டிச்செல்விக்கு மட்டும் அது உள்ளே போய் உட்கார்ந்தது. வீட்டிலேயே கிடக்கிறவள் அவள், மற்றவர்கள் பார்க்காததையெல்லாம் பார்த்திருந்தாள். ஆளில்லாத நேரத்தில் ராஜா கோலில் சாய்ந்து கொட்டாவி விடுவார், சிப்பாய் மீசை கலைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வாள். மாமியார் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் நாலு பேரும் விறைத்துக்கொண்டு பெரியவர்கள் ஆகிவிடுவார்கள். பிள்ளை வளர்ப்பது எப்படி என்று அத்தை பேச ஆரம்பித்தால் ராஜா தலையை ஆட்டுகிற மாதிரியே இருக்கும். ராஜா வேசம் கொடுத்தால் ராஜா, கொள்ளுத்தாத்தா வேசம் கொடுத்தால் கொள்ளுத்தாத்தா, பொட்டு வைத்து இலை போட்டு வேசம் கொடுத்தது நாம்தானே, இவர்கள் ஆடாமல் என்ன செய்வார்கள், வயிறார அல்லவா கூலி கிடைக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்து என்ன, அரைக்கிறது அவள்தான்.

கார்த்திகை வந்தது. வேலாயி போய் வருசம் திரும்புகிற நாள் நெருங்கியது. திருப்பூரிலிருந்து அண்ணன் போன் பண்ணினான். "இங்க வச்சு எதுவும் செய்ய முடியாதுடி, ஓனரு சாம்பிராணி போட்டாலே சண்டைக்கி வர்றான். லீவும் குடுக்கல. நீயே அம்மாவுக்கு ஒரு எலை போட்று." முதல் வருசத்தில் ஓர் இலைகூட விழவில்லை என்றால் அம்மா யார் வாசலில் போய் நிற்கும் என்று நினைத்து நினைத்து அவளுக்குப் பால் சுரப்பதுகூடக் குறைந்துபோனது. முத்துக்கருப்பனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மாட்ட நீயே கேளேன், நான் கேட்டா நீ தூண்டிவிட்டேன்னு சொல்லும்" என்றான்.

கேட்டாள். காத்தாயி அன்றைக்குத்தான் கவுன்சிலர் வீட்டு ஆட்கள் படையல் பார்க்க வருகிறார்கள் என்றாள். "அண்டா நெறையாக் கறிக்கொழம்பு வைக்கணும். அன்னைக்கிப் பாத்து வேத்து மனுசிக்கு எலை போட்டா எங்காளுக திரும்பிக்குவாக. நாலு பேரு முன்னால எனக்கு மானம் போகும்."

அந்த நாள் காலையில் பாண்டிச்செல்வி கறிக்குழம்பு வைத்தாள். அதை இறக்கிவிட்டு, ஒரு சின்னச் சட்டியில் நெத்திலிக் கருவாடும் மொச்சையும் போட்டு, வேலாயி வைக்கிற மாதிரி புளி தூக்கலாக ஒரு குழம்பு வைத்தாள். மத்தியானம் கூடத்தில் நாலு இலைக்குப் பக்கத்தில் ஐந்தாவது இலையை விரித்தாள். புருசன் பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள், பிள்ளையை ஜெயந்தியிடம் கொடுத்தாள், சிறகுப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாண் இடத்தில் ஆணியை வைத்து அடித்தாள். முதல் அடி விரலில் விழுந்தது. இரண்டாவது அடியில் காரை உதிர்ந்தது. படையல் பார்க்க வாசலில் வந்து நின்ற கவுன்சிலர் வீட்டு ஆட்களும் வரிசைக்காரர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

காத்தாயி உள்ளே வந்தாள். "என்னத்தா இது?"

பாண்டிச்செல்வியின் காது மட்டுமல்ல, கழுத்துவரைக்கும் சிவந்துபோனது. ஆனாலும் பேசினாள். "ஊரு பேரு தெரியாத சீமைக்காரவுகளுக்கெல்லாம் நீங்க சொன்ன மொறையச் சொல்லிச் சோறு ஆக்கிப் போட்டேன்ல அத்தை. ஒரு நாளு கை ஓஞ்சு உக்காந்தேனா. என்னைப் பெத்தவளுக்கு நீங்க ஒரு மொறையும் சொல்ல வேணாம். ஒரு எலை போட்டுக்கறேன்."

"அவுக திரும்பிக்குவாகடி."

திரும்பித்தான் இருந்தார்கள். நாலு முதுகு, குண்டூசியும் நாடாவுமாக. பாண்டிச்செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். "திரும்பிக்கங்க. நாளைக்கி அடுப்புப் பத்த வைக்கிறது யாருன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பிக்கங்க."

சட்டியிலிருந்து கருவாட்டு வாசனை கூடம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. முதலில் கோமாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அப்புறம் சிறகுப் பெண். சிப்பாய். கடைசியில் ராஜா, தானாகத் திரும்ப நினைத்துத் திரும்பியவரைப்போல, கோலை மெதுவாக மாற்றி ஊன்றிக்கொண்டு. வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். காத்தாயி சாம்பிராணிக் கரண்டியை எடுத்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்த வேலாயியின் படத்துக்கு அவள் புகை காட்டவில்லை, ஆனால் புகை அங்கேயும் போனது.

கதவைச் சாத்தினார்கள். உள்ளே எலும்பு கடிக்கிற சத்தம், தம்ளர் வைக்கிற சத்தம், மணி குலுங்குகிற சத்தம் எல்லாம் வழக்கம்போலக் கேட்டது. சத்தம் அடங்கியதும் காத்தாயி தட்டிவிட்டுத் திறந்தாள்.

நாலு இலை பளபளவென்று இருந்தது. ஐந்தாவது இலையில் ஒரு பருக்கை நகரவில்லை. சோற்றுக் குவியலின் நடுவில் குழம்பு ஊற்றின குழி குழியாகவே இருந்தது. தண்ணீர் தம்ளர் விளிம்புவரைக்கும் நின்றது. சோற்றின் மேல் சாம்பிராணிச் சாம்பல் ஒரு துளி விழுந்து கிடந்தது.

"ஒங்கம்மா தொடவே இல்லையே செல்வி" என்றாள் ஜெயந்தி, பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு. "கோவமோ?"

"மக வீட்டுல கை நனைக்க மாட்டாகள்ல" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "இம்புட்டு நாளு கழிச்சுக் கூப்புட்டா யாருக்குத்தான் ரோசம் வராது" என்றது இன்னொரு குரல்.

பாண்டிச்செல்வி இலைக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அந்தச் சோற்றைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மா செத்துப்போச்சுக்கா" என்றாள். வருசம் முழுக்க அந்த வார்த்தையை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. "செத்தவுக எப்புடிக்கா சாப்புடுவாக."

காத்தாயி ஐந்தாவது இலையைப் பார்த்தாள், மற்ற நாலு இலையைப் பார்த்தாள், ராஜாவின் தாடியில் வழிந்துகொண்டிருந்த கறிக்குழம்பைப் பார்த்தாள். இத்தனை மாதமாக மாமனாரைப் பெற்றவர் என்று கும்பிட்ட அந்த முகத்தில், பந்தியில் முதல் வரிசை கிடைத்த வெளியூர்க்காரனின் திருப்தி இருந்தது. அவள் மருமகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்ப எங்காளுகளுக்கு யாரு சோறு போட்டது?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. "ஆடியில இருந்து அவுக பட்டினியால்ல கெடக்காக."

"போடுவோம் அத்தை" என்றாள் பாண்டிச்செல்வி. "போட்டோ எதுக்கு. பேரு சொல்லிக் கூப்புட்டாப் போதும்."

சுவரில் ராஜா அங்கியின் கைப்பக்கத்தால் தாடியைத் துடைத்தார். துடைத்துவிட்டு, தாடியையே காதிலிருந்து கழற்றினார். உள்ளே ஒரு இளவயசுக்காரன் இருந்தான், களைத்துப்போனவனாக. சிப்பாய் கையின் பின்பக்கத்தால் மீசையை அழித்தாள். கோமாளி குல்லாயை மடியில் வைத்துக்கொண்டான். சிறகுப் பெண் நாடாவை அவிழ்த்துச் சிறகைக் கீழே சாய்த்துவிட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள். ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறவர்களைப்போல நாலு பேரும் அவரவர் சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் வீட்டு ஆட்கள் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

பிள்ளை தாயைப் பார்த்துத் தாவியது. ஜெயந்தி அதை இறக்கிவிட்டாள், அது தவழ்ந்து வந்து இலை ஓரத்தைப் பிடித்து இழுத்தது. பாண்டிச்செல்வி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கை இலைக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் மாமியார் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க, தான் முதலில் சாப்பிட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

காத்தாயி மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். சட்டியை எட்டி இழுத்து, கரண்டியால் இன்னும் கொஞ்சம் நெத்திலியை அள்ளி, வேலாயியின் சோற்றின்மேல் வைத்தாள்.

"ஆறிப்போகுது" என்றாள். "சாப்புடுத்தா."